அமெரிக்கா மேற்கே விரிந்தது எப்படி? நிலம் கைமாறிய வழிமுறை, எளிய விளக்கம்

அமெரிக்காவின் மேற்கு என்றதும் நம்மில் பலருக்கும் ஒரே காட்சிதான் மனதில் ஓடும். துணிக்கூரை போட்ட வண்டிகள் வரிசையாகப் போகும். தோளில் துப்பாக்கியோடு ஒருவர் முன்னால் நடப்பார். தூரத்து மேட்டில் குதிரைமேல் செவ்விந்தியர்கள் நிற்பார்கள். கௌபாய் படங்களும் காமிக்ஸும் தந்த காட்சி இது. யாருக்கும் சொந்தமில்லாத வெட்டவெளிக்குத் துணிச்சல்காரர்கள் போனார்கள், உழைத்தார்கள், நாடு வளர்ந்தது என்று அந்தக் கதை முடியும். இதை மறுப்பவர்களோ ‘எல்லாரையும் சுட்டுவிட்டுப் பிடுங்கிக்கொண்டார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இரண்டு பேச்சிலும் அரசாங்கம் காணாமல் போய்விடுகிறது. 1783-ல் பிரிட்டன் விடுதலையை ஒப்புக்கொண்டபோது, அமெரிக்கா அட்லான்டிக் கரையோரத்து 13 மாநிலங்கள். 70 ஆண்டுகளில், 1853-க்குள், பசிபிக் கடல்வரை அதன் வரைபடம் நீண்டுவிட்டது. இத்தனை பெரிய நிலத்தைத் தனித்தனிக் குடும்பங்கள் வண்டி கட்டிப் போய் நாட்டோடு சேர்த்துவிட முடியாது. சட்டம், ஒப்பந்தம், நில அளவை, பத்திரம், இவற்றுக்குப் பின்னால் ராணுவம் என்று ஓர் ஏற்பாடே இயங்கியது. அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால், பிடுங்கியது எப்படி என்பதும் அது ஏன் இவ்வளவு வேகமாக நடந்தது என்பதும் விளங்கும்.

ஒரு மனைப்பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள்

ஊருக்கு வெளியே ஒரு விளைநிலத்தை மொத்தமாக வாங்கி, மனை போட்டு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மூலப்பத்திரம் கைக்கு வரவேண்டும். அந்த நிலத்தில் யாராவது குடியிருந்தாலோ உழுதுகொண்டிருந்தாலோ, அவர்களிடம் எழுதி வாங்கவேண்டும், இல்லையென்றால் கிளப்பவேண்டும். அப்புறம் சர்வேயர் வந்து அளந்து கல் நடுவார். மனைகளுக்கு எண் விழும், விற்பனை நடக்கும். வீடுகள் பெருகிய பிறகு அந்த இடம் உள்ளாட்சியில் சேர்ந்து, ஊர் என்ற தகுதியைப் பெறும்.

அமெரிக்கா மேற்கே போனதும் ஏறக்குறைய இதே படிகளில்தான். ஆனால் இங்கே மனை போட்டது அரசாங்கம். அளவோ ஒரு கண்டத்தின் பாதி. அதைவிட முக்கியமாக, அங்கே குடியிருந்தவர்கள் குத்தகைக்காரர்கள் இல்லை. தனி ஆட்சி, தனி மொழி, தனி எல்லை எல்லாம் வைத்திருந்த பூர்வகுடி நாடுகள் அவை. அதனால் இந்த ஒப்புமையைப் படிகளின் வரிசையை நினைவில் வைக்க மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நியாயத்தை அளக்க இது உதவாது.

மூலப்பத்திரம்: நெப்போலியன் எதை விற்றார்?

‘அமெரிக்கா லூசியானாவை விலைக்கு வாங்கியது’ என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். 1803-ல் அதிபர் தாமஸ் ஜெபர்சனின் அரசு, பிரான்சிடமிருந்து சுமார் 8,28,000 சதுர மைலை 1.5 கோடி டாலருக்கு வாங்கியது. மிசிசிப்பி ஆற்றிலிருந்து ராக்கி மலைகள்வரை நீண்ட நிலம் அது. நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. நெப்போலியன் விற்க முன்வந்ததற்கு, கரீபியக் கடலில் பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்த ஹைட்டி ஒரு பெரிய காரணம். அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்து நடத்திய புரட்சியிலும் மஞ்சள் காய்ச்சலிலும் அவர் அனுப்பிய படை அழிந்தது. அமெரிக்கக் கண்டத்தில் பேரரசு அமைக்கும் திட்டத்தை அவர் கைவிட்டார். ஹைட்டியின் அடிமைகள் போராடியிருக்காவிட்டால் இந்தக் கிரயமே நடந்திருக்காது என்று சொல்லலாம்.

சரி, விற்ற நிலம் நெப்போலியன் கையில் இருந்ததா? நியூ ஆர்லியன்ஸ், செயின்ட் லூயிஸ் போன்ற சில ஊர்களையும் வணிகச் சாவடிகளையும் விட்டால், அந்த நிலப்பரப்பில் ஐரோப்பியர் யாரும் ஆளவில்லை. ஓசேஜ், பானி, லகோட்டா என்று பல மக்களின் ஆட்சியில் அது இருந்தது. பிரான்ஸ் விற்றது ஒருவகை முன்னுரிமையைத்தான். ‘இந்தப் பகுதியில் மற்ற ஐரோப்பிய நாடுகள் தலையிடாது, பூர்வகுடிகளிடமிருந்து நிலத்தை வாங்கும் உரிமை இனி உனக்கு மட்டும்’ என்பதே அந்தக் கிரயத்தின் உள்ளடக்கம். பூர்வகுடிகளின் நிலத்தை எடுக்க அமெரிக்கா பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டதும், போர் தொடுத்ததும், பணம் கொடுத்ததும் இதனால்தான். 1.5 கோடி டாலர் அந்தக் கணக்கில் முதல் வரி மட்டுமே.

இந்த முன்னுரிமைக்கு 1823-ல் உச்ச நீதிமன்றம் சட்ட வடிவம் கொடுத்தது. ஜான்சன் எதிர் மெகின்டாஷ் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதிய தீர்ப்பு இதுதான்: ‘கண்டுபிடித்த’ ஐரோப்பிய நாட்டுக்கும் அதன் வாரிசான அமெரிக்காவுக்கும் நிலத்தின் இறுதி உரிமை உண்டு. பூர்வகுடிகளுக்கு இருப்பது அனுபவ உரிமை. அந்த அனுபவ உரிமையை வாங்கவோ முடிக்கவோ அரசாங்கத்தால் மட்டுமே முடியும். தனியார் யாரும் பூர்வகுடியிடம் நேரடியாக நிலம் வாங்க முடியாது. விற்பவருக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் என்றால் விலை யார் கையில் இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

மற்ற பெரிய சேர்க்கைகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1821-ல் புளோரிடா ஸ்பெயினிடமிருந்து வந்தது. 1845-ல் டெக்சாஸ் சேர்க்கப்பட்டது. 1846-ல் ஓரிகான் பகுதியைப் பிரிட்டனோடு 49-வது அட்சக்கோட்டில் பிரித்துக்கொண்டார்கள். 1846-48 போரில் தோற்ற மெக்சிகோ, கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ வட்டாரங்களை விட்டுக்கொடுத்தது. 1853-ல் தெற்கே ஒரு சிறு துண்டை மெக்சிகோவிடமிருந்து வாங்கியதோடு கண்டத்தின் எல்லைக்கோடு முடிந்தது.

இதுவரை சொன்னதன் சாரம்: ஐரோப்பிய நாடுகளிடமிருந்தும் மெக்சிகோவிடமிருந்தும் அமெரிக்காவுக்குக் கிடைத்தது காகித உரிமை. நிலம் இன்னும் குடியிருந்தவர்கள் கையில்தான் இருந்தது.

குடியிருந்தவர்களிடம் எழுதி வாங்கியது

1778-லிருந்து 1871 வரை பூர்வகுடி நாடுகளோடு அமெரிக்கா செய்து செனட்டில் நிறைவேற்றிய ஒப்பந்தங்கள் சுமார் 370. வெளிநாடுகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு அரசியல் சாசனம் தரும் அதே தகுதி இவற்றுக்கும் உண்டு. அந்தத் தகுதியை மனதில் வையுங்கள். கட்டுரையின் கடைசியில் அது தேவைப்படும்.

பெரும்பாலும் இது நடந்த விதம் இப்படி. முதலில் குடியேறிகள் அனுமதியில்லாமல் எல்லை தாண்டிப் போய்க் காட்டைத் திருத்துவார்கள். சண்டை மூளும், இரு பக்கமும் சாவுகள் விழும். ராணுவம் வரும். அப்புறம் ஒப்பந்தம். பூர்வகுடிகள் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுப்பார்கள். பதிலுக்குப் பணமும் பொருளும் ஆண்டுத்தொகையும் கிடைக்கும், மீதி நிலம் அவர்களுக்கென்று ஒதுக்கப்படும். இப்படி ஒதுக்கப்பட்ட நிலத்துக்குப் பெயர் ரிசர்வேஷன். சில ஆண்டுகளில் குடியேறிகள் அந்த எல்லையையும் தாண்டுவார்கள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இது எப்போதும் சுலபமாக நடந்துவிடவில்லை. 1791-ல் ஓஹையோ பகுதியில் மயாமித் தலைவர் லிட்டில் டர்ட்டில், ஷாவ்னித் தலைவர் புளூ ஜாக்கெட் ஆகியோரின் கூட்டுப்படை, அமெரிக்கப் படையில் 600 பேருக்கு மேல் கொன்று அதைச் சிதறடித்தது. 1794-ல் நடந்த இன்னொரு போருக்குப் பிறகுதான், 1795-ல் கிரீன்வில் ஒப்பந்தத்தில், இன்றைய ஓஹையோவின் பெரும்பகுதி அமெரிக்கா கைக்கு வந்தது.

செரோக்கிகளின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ‘நாகரிகமாகாதவர்கள், அதனால் நிலத்தை இழந்தார்கள்’ என்ற பேச்சை அடியோடு உடைக்கும் கதை அது. ஜார்ஜியா வட்டாரத்தில் வாழ்ந்த செரோக்கிகள் வேளாண்மை செய்தார்கள். சிலர் வெள்ளையரைப் போலவே அடிமைகளை வைத்துத் தோட்டங்களும் நடத்தினார்கள். சீக்வோயா என்பவர் தன் தாய்மொழிக்குத் தானே எழுத்துமுறை உருவாக்கினார். 1827-ல் அவர்கள் தங்களுக்கு அரசியல் சாசனம் எழுதிக்கொண்டார்கள். 1828-ல் சொந்த எழுத்தில் வார இதழ் தொடங்கினார்கள். அவர்கள் நிலத்தில் தங்கம் இருப்பது அடுத்து வெளியே தெரிந்தது.

1830-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் பூர்வகுடி அகற்றல் சட்டத்தில் கையெழுத்திட்டார். மிசிசிப்பிக்குக் கிழக்கே வாழும் மக்களை மேற்கே அனுப்ப வழிசெய்யும் சட்டம் அது. பிரதிநிதிகள் சபையில் 102-க்கு 97 என்று மயிரிழையில்தான் நிறைவேறியது. அப்போதே எதிர்த்தவர்கள் ஏராளம் என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி. செரோக்கிகள் நீதிமன்றம் போனார்கள். செரோக்கி நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று 1832-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. 1835-ல், அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு சிறு குழுவிடம் நியூ எக்கோட்டாவில் கையெழுத்து வாங்கினார்கள். முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு எதிர்ப்பு மனு கொடுத்தும் செனட் அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. 1838-ல் படைவீரர்கள் வீடு வீடாகப் போய் மக்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். பிறகு இன்றைய ஓக்லஹோமாவுக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். சுமார் 16,000 பேரில் 4,000 பேர் அளவுக்கு இறந்தார்கள். கண்ணீர்ப் பாதை என்று வரலாறு அதைச் சொல்கிறது. சாக்டா, சிக்கசா, மஸ்கோகி, செமினோல் மக்களும் அதே காலத்தில் இப்படியே பெயர்க்கப்பட்டார்கள்.

சங்கிலியும் கட்டமும்

என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் அதிகம் கவனிக்கவேண்டிய ஆண்டு 1785. போர் எதுவும் நடந்ததற்காக இல்லை. அந்த ஆண்டுதான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நில அளவைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஓஹையோ ஆற்றங்கரையில், பென்சில்வேனியா எல்லையில் தொடங்கி, மேற்கே இருக்கும் நிலம் முழுவதையும் சதுரமாகப் பிரிப்பது என்று முடிவானது. மலை, ஆறு, பழைய வேட்டைப்பாதை எதையும் கோடுகள் மதிக்கவில்லை.

பிரிக்கும் முறை எளிமையானது. பக்கத்துக்கு 6 மைல் உள்ள சதுரத்துக்குப் பெயர் டவுன்ஷிப். அதை 36 சிறு சதுரங்களாக்கினால், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். இதற்குப் பெயர் செக்‌ஷன். 16-ஆம் எண் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கப்பட்டது. அளக்கப் பயன்பட்டது 66 அடி நீளமுள்ள, 100 கண்ணிகள் கொண்ட கன்ட்டர் சங்கிலி. சென்னை மாகாணத்தில் நம் வயல்களை அளந்ததும் அதே சங்கிலிதான். பழைய புலப்பட வரைபடங்களில் ‘லிங்க்ஸ்’ கணக்கு இருப்பது அதனால்தான்.

இந்தக் கட்டம் ஏன் அவ்வளவு முக்கியம்? பிலடெல்பியாவில் உட்கார்ந்திருப்பவர், கண்ணால் பார்க்காத ஒரு நிலத்தை நான்கு எண்களை வைத்து வாங்கலாம், அடமானம் வைக்கலாம், விற்கலாம். எல்லைத் தகராறு குறைவு. கையில் காசில்லாத, விடுதலைப் போரின் கடனில் மூழ்கியிருந்த அரசாங்கத்துக்கு இந்தக் கட்டங்கள்தான் வருமானம். விமானத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதியைக் கடக்கும்போது கீழே தெரியும் சதுரங்கப் பலகை, அன்று தொடங்கிய அளவையின் மிச்சம்.

ஆரம்பத்தில் குறைந்தது 640 ஏக்கர் வாங்கவேண்டும், ஏக்கர் ஒரு டாலர். ஏழைக் குடியானவரால் அது முடியாது. நிறுவனங்களும் தரகர்களும் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றார்கள். முடியாதவர்கள் அளவைக்கு முன்பே போய் ஆக்கிரமித்து உட்கார்ந்தார்கள். சட்டம் மெல்ல அவர்கள் பக்கம் இறங்கிவந்தது. 1820-ல் 80 ஏக்கர்கூட வாங்கலாம், ஏக்கர் 1.25 டாலர் என்றானது. 1841-ல் இன்னும் ஒரு படி இறங்கி, ஏற்கெனவே குடியேறியவருக்கு அந்த விலையில் 160 ஏக்கரை முதலில் வாங்கும் உரிமை தந்தார்கள்.

டெரிட்டரி மாநிலமாவது

மனை விற்றாயிற்று, ஆட்சி யாருடையது? 1787-ல் வந்த வடமேற்குச் சட்டம் இதற்கு விடை சொன்னது. புதிய பகுதி முதலில் டெரிட்டரி. அதாவது மாநிலமாகாத, மத்திய அரசு நியமிக்கும் ஆளுநரின் கீழ் இருக்கும் பகுதி. அடிமையல்லாத, வயதுவந்த ஆண்கள் 5,000 பேர் சேர்ந்ததும் சட்டமன்றம் கிடைக்கும். மக்கள் 60,000 ஆனதும் மாநிலமாகலாம். பழைய 13 மாநிலங்களுக்கு உள்ள அதே உரிமைகள் அதற்கும் உண்டு. ஓஹையோ 1803-ல் இப்படித்தான் மாநிலமானது.

குடியேறுபவர் கோணத்தில் இது பெரிய வாக்குறுதி. நீங்கள் போகும் இடம் குடியேற்ற நாடாகவே கிடக்காது, உங்கள் ஊரும் ஒருநாள் அதிபரைத் தேர்ந்தெடுக்கும். பூர்வகுடிகள் அந்த 60,000 கணக்கில் சேரவில்லை.

இதே சட்டம் ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே அடிமைமுறையைத் தடை செய்தது. ஒவ்வொரு புதிய மாநிலமும் செனட்டில் இரண்டு இடம் பெறும் என்பதால், அது அடிமை மாநிலமா இல்லையா என்ற சண்டை ஒவ்வொரு முறையும் எழுந்தது. 1820-ல் மிசௌரி விஷயத்தில் சமரசம் செய்தார்கள். 1854-க்குப் பிறகு கான்சாசில் ரத்தமே சிந்தியது. 1861-ல் உள்நாட்டுப் போர் வெடித்ததற்கு மேற்கு நிலம் யாருக்கு என்ற கேள்வி ஒரு முதன்மைக் காரணம்.

சுருக்கமாக: காகித உரிமை, ஒப்பந்தம், அளவை, விற்பனை, மாநிலத் தகுதி. இந்த ஐந்து படிகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேற்கே நகர்ந்தன. அவை அந்தந்தக் காலத்தில் எட்டியிருந்த விளிம்பைத்தான் எல்லைப்புறம் என்கிறோம்.

வண்டிகளும் 160 ஏக்கரும்

இப்போது அந்த வண்டிகளுக்கு வரலாம். மிசௌரியிலிருந்து ஓரிகானுக்குச் சுமார் 2,000 மைல். வண்டிகளைப் பெரும்பாலும் எருதுகள்தான் இழுத்தன. வண்டியில் சாமான் நிறைந்திருந்ததால் மக்கள் பக்கத்தில் நடந்தே போனார்கள். வழியில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காலரா போன்ற நோய்களும் விபத்துகளும். பூர்வகுடிகளின் தாக்குதலில் இறந்தவர்கள் ஒப்பிட்டால் மிகக் குறைவு. வழிகாட்டவும், ஆறு கடக்க உதவவும், பண்டமாற்றுச் செய்யவும் அவர்கள் வந்ததே அதிகம்.

1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் ஓட்டம் பலமடங்கானது. இரண்டே ஆண்டில், 1850-ல், டெரிட்டரிப் படியே இல்லாமல் கலிபோர்னியா மாநிலமானது. அங்கிருந்த பூர்வகுடிகள் சுமார் 1,50,000 பேர். 1870-ல் மிஞ்சியது ஏறத்தாழ 30,000. நோய், பட்டினி, கட்டாய வேலை, இவற்றோடு மாநில அரசே பணம் கொடுத்து நடத்திய கொலைப் படையெடுப்புகள். இங்கே ஒப்பந்தப் படிகூட நடக்கவில்லை. 1851-52-ல் எழுதிய 18 ஒப்பந்தங்களைச் செனட் நிராகரித்துவிட்டது.

1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் நிலத்தை ஏறக்குறைய இலவசமாக்கியது. 160 ஏக்கரைப் பதிந்து, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால், சொற்பக் கட்டணத்தில் நிலம் உங்களுக்கு. தனியாக வாழும் பெண்களும், குடியுரிமைக்கு விண்ணப்பித்த வெளிநாட்டவரும் பதியலாம். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலையான கறுப்பின மக்களும் பதிந்தார்கள். மொத்தம் சுமார் 16 லட்சம் பட்டாக்களில் 27 கோடி ஏக்கர் போனது. அமெரிக்க நிலத்தில் இது பத்தில் ஒரு பங்கு.

ஆனால் மழை சட்டத்தைப் படிக்கவில்லை. 100-வது மேற்குத் தீர்க்கரேகைக்கு அப்பால் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 20 அங்குல மழைகூடக் கிடைப்பது அரிது. ஓஹையோவில் ஒரு குடும்பத்துக்குத் தாராளமான 160 ஏக்கர், அங்கே வயிற்றுக்குப் போதாது. நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-லேயே அரசுக்கு இதை அறிக்கையாகக் கொடுத்தார். கட்டத்தை விட்டுவிட்டு, தண்ணீர் கிடைக்கும் இடத்தை வைத்து நிலத்தைப் பிரியுங்கள் என்றார். கேட்டிருக்கலாம். பதிந்த பலர் பட்டா வாங்கும் முன்பே கடனோடு திரும்பினார்கள்.

அதே 1862-ல் ரயில் நிறுவனங்களுக்கும் நேரடியாக நிலம் கொடுக்கத் தொடங்கினார்கள். பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒரு செக்‌ஷன் நிறுவனத்துக்கு. அதை விற்றுத் தண்டவாளம் போடலாம். கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே வந்த பாதையில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 1869 மே 10 அன்று யூட்டாவின் புரமான்டரியில் இரு பாதைகளும் இணைந்தன. மாதக்கணக்கான பயணம் ஒரு வாரமாகச் சுருங்கியது. 1882-ல் சீனத் தொழிலாளர் வருகையையே தடை செய்து சட்டம் போட்டார்கள்.

பிளாக் ஹில்ஸ்

1868-ல் போர்ட் லாரமி ஒப்பந்தம் பிளாக் ஹில்ஸ் மலைகளை லகோட்டாக்களுக்கு உறுதி செய்தது. வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் அந்த நிலத்தில் எதையும் எடுக்க முடியாது என்றும் எழுதியது. 1874-ல் கஸ்டர் தலைமையில் போன ராணுவக் குழு அங்கே தங்கம் இருப்பதை அறிவித்தது. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் போரில் லகோட்டா, செயேன் வீரர்கள் கஸ்டரையும் அவர் நேரடியாக நடத்திய படைப்பிரிவையும் அழித்தார்கள். அரசாங்கம் உணவுப் பங்கீட்டை நிறுத்துவதாக மிரட்டியது. காட்டெருமைக் கூட்டங்கள் வேட்டையாடி அழிக்கப்பட்டு வந்த காலம், வேறு உணவும் இல்லை. அப்படியும் பத்தில் ஒரு பங்கினரே கையெழுத்திட்டார்கள். அது போதுமென்று 1877-ல் மலைகளை எடுத்துக்கொண்டார்கள்.

1887-ல் வந்த டாஸ் சட்டம் ரிசர்வேஷன்களையே மனை போட்டது. பொது நிலத்தைக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று பிரித்தார்கள், ‘மிச்சத்தை’ வெளியாருக்குத் திறந்துவிட்டார்கள். பூர்வகுடிகளிடம் அப்போது இருந்தது சுமார் 13.8 கோடி ஏக்கர். 1934-ல் அது சுமார் 4.8 கோடியாகியிருந்தது. துப்பாக்கியால் இழந்ததைவிட அமைதியாக நடந்த இழப்பு இது, அதனாலேயே வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. 1890 டிசம்பரில் வூண்டட் நீயில் படையினர் லகோட்டா ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். அதே ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, எல்லைப்புறக் கோடு என்று இனி ஒன்றைக் காட்ட முடியாது என்று அறிவித்தது.

ஒப்பந்தங்கள் இன்று

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கவேண்டாம். ஒப்பந்தங்களுக்கு அரசியல் சாசனத் தகுதி உண்டு என்று சொன்னேன் இல்லையா, அது இன்றும் நீதிமன்றத்தில் வேலை செய்கிறது. பிளாக் ஹில்ஸை எடுத்தது முறையற்றது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, வட்டியோடு 10 கோடி டாலருக்கும் மேல் இழப்பீட்டை உறுதி செய்தது. லகோட்டாக்களும், அவர்கள் சார்ந்த சூ இனத்தின் மற்ற மக்களும் அந்தப் பணத்தைத் தொடவில்லை. நிலம் விற்பனைக்கு இல்லை, மலைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை.

2020 ஜூலையில் இன்னொரு வழக்கு வந்தது. மேற்கே பெயர்க்கப்பட்ட மஸ்கோகி மக்களுக்கு ஒப்பந்தத்தில் ஒதுக்கிய ரிசர்வேஷனைக் காங்கிரஸ் எந்தச் சட்டத்தாலும் கலைக்கவே இல்லை, ஆகவே அது இன்றும் ரிசர்வேஷன்தான் என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. செரோக்கி, சாக்டா, சிக்கசா, செமினோல் நிலங்களுக்கும் இது பொருந்தும் என்று ஓக்லஹோமா நீதிமன்றம் அடுத்து ஏற்றுக்கொண்டது. அந்தப் பகுதிகளில் பூர்வகுடி ஒருவர்மேல் கொலைக்குற்றம் சாட்டப்பட்டால், வழக்கை நடத்தும் அதிகாரம் இப்போது மாநில அரசிடம் இல்லை.